சொல் எடுத்துக் கொடுக்காத வீடு

வென்ட்வேர்த்வில் ஸ்ரேஷனுக்குப் பின்னால் உள்ள மஞ்சள் செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அனோஜினி குடும்பம் வாடகைக்கு இருக்கும் இரண்டு அறை வீடு, உள்ளே இருந்து சத்தமாக வாசித்தால் பெரிதாகும். யார் வாசித்தாலும் ஆகாது. அவளுடைய தகப்பன் சுவாம்பிள்ளை முதலியாரின் வளவில் பிறந்தவர்தான் வாசிக்க வேண்டும். புத்தகத்தின் முதல் பந்திக்குச் சோபாவுக்குப் பின்னால் உள்ள சுவர் ஒரு முழம் பின்வாங்கும். இரண்டாம் பந்திக்குப் பால்கனிக் கண்ணாடிக் கதவு தூரத்துக்குப் போகும். ஓர் அதிகாரம் முடிவதற்குள் கலியாண மண்டபம் அளவுக்கு இடம் வந்துவிடும். வாசித்து முடிந்ததும், கதிரைகளை எடுத்து வைக்க அவகாசம் கொடுத்து, சுவர்கள் மெல்லத் தங்கள் இடத்துக்குத் திரும்பும். கீழ்வீட்டாருக்கும் மேல்வீட்டாருக்கும் இதனால் ஓர் அங்குலமும் நட்டமில்லை. உறவுக்கார இந்திரகுமார் எஞ்சினியர் என்பதால் ஒருநாள் லேசர் அளவுகோலோடு வந்து உள்ளேயும் வெளியேயும் அளந்து பார்த்தார். உள்ளே ஒரு கணக்கு வந்தது, வெளியே வேறொரு கணக்கு வந்தது. இரண்டும் சரிதான் என்று சொல்லித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

இது அவுஸ்திரேலியாவில் தொடங்கிய அற்புதம் இல்லை. மன்னார்க் கரையில் அந்தக் குடும்பத்துக்கு இருந்த முதலியார் வளவு என்ற பெரிய வீட்டில் இது பரம்பரை பரம்பரையாக நடந்திருக்க வேண்டும். ஆனால் ஒருவரும் கவனிக்கவில்லை. வளவே பெரிது, அதுதான் காரணம். எண்ணிப் பார்க்க அலுப்பு வரும் அளவுக்கு அறைகள், நடுவில் ஒல்லாந்தர் காலத்து மண்டபம். அதில் பத்து முழம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன, யார் கண்டது? ஒவ்வொரு நாளும் செபமாலை முடிந்ததும் மண்டபத்தில் மணி அடிப்பார்கள். வீட்டில் பிறந்த ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். ஆண்கள் சாய்மனைக் கதிரையிலும், பெண்கள் நீட்டு மர வாங்கிலும், தோட்டத்திலும் வள்ளத்திலும் வேலை செய்தவர்கள் பாயிலும் இருந்தார்கள். அந்தக் காலத்து ஒழுங்கு அப்படி, அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பெருமைப்பட வேண்டியது வேறு. எழுத்துத் தெரியாத ஒரு ஆள்கூட அந்த ஊரில் கப்பற்கதை தெரியாமல், புனிதர்களான அர்ச்சியசிட்டவர்களின் சரித்திரம் தெரியாமல், கொழும்பில் முடிந்த வழக்கின் தீர்ப்புத் தெரியாமல் இருந்ததில்லை. ஒரு கிழமை பிந்தி வந்த பத்திரிகையைக்கூட விளம்பரம் விடாமல் வாசித்த வீடு அது. சுற்றுவட்டாரத்தில் அவர்களைவிடக் காணி கூடியவர்கள் இருந்தார்கள். ஆனால் வாசிக்கிற வீடு அது ஒன்றுதான்.

வாசிப்புக்கு மூன்று கட்டுப்பாடுகள் இருந்தன. பந்தி முடியுமுன் ஒருவரும் உள்ளே வரக் கூடாது. அதிகாரம் முடியுமுன் ஒருவரும் எழும்பக் கூடாது. ஒரு பெரிய முதலியார் அதிகாரத்தின் நடுவிலே கண்ணை மூடியபோது மிச்சத்தையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் அழுதார்கள். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. வாசிப்பவர் ஒரு சொல்லில் தடக்கினால் அந்தச் சொல்லை யாரும் எடுத்துக் கொடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்க வேண்டும். வாசிக்கிறவரின் வாயில் இருக்கும் சொல் வாசிக்கிறவரின் சொத்து என்பது வளவின் நியாயம். ஒருமுறை சூறாவளி வந்து ஊர்ச் சனம் முழுவதும் மண்டபத்துக்குள் ஓடி வந்தபோது, காற்று அடங்கும்வரை வாசிப்பு நடந்தது. ஆடு மாடுகூட உள்ளே நின்றது, அப்படியும் இடம் மிஞ்சியது. ஒல்லாந்தன் கட்டினால் அப்படித்தான் என்று எல்லோரும் கட்டடத்தைப் புகழ்ந்தார்கள்.

அந்த வீட்டுப் பிள்ளைகள் பன்னிரண்டு வயதில் முதல் தடவை வாசிப்பார்கள். சுவாம்பிள்ளையின் மூத்த பிள்ளை ஸ்ரான்லிக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சுத் திக்கும். அவனுக்கும் பன்னிரண்டு வயது வந்தது. புதுச் சட்டை தைத்தார்கள், ஊரே வந்து குந்தியது. ஸ்ரான்லி முதல் சொல்லிலேயே நின்றுவிட்டான். மண்டபம் காத்திருந்தது. பாயில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள், சாய்மனையில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள். காத்திருக்க முடியாமல் போனது ஒருவருக்குத்தான், அவனுடைய தகப்பனுக்கு. பாசம்தான், வேறொன்றும் இல்லை. பிள்ளை சபை நடுவில் வாயைத் திறந்தபடி நிற்பதைப் பார்க்கப் பொறுக்காமல் அவர் அந்தச் சொல்லைத் தானே சொன்னார். பிறகு புத்தகத்தை மெல்ல வாங்கிப் பத்து வயது அனோஜினியின் கையில் கொடுத்தார். அவள் ஒரு தடக்கலும் இல்லாமல் வாசித்து முடித்தாள். எல்லோரும் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அன்றைக்குத்தான் வளவில் முதல் தடவையாக ஒரு சொல் எடுத்துக் கொடுக்கப்பட்டது. அடுத்த வருடம், தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில், வளவின் கூரை போனது, பிறகு சுவர் போனது. குடும்பம் வள்ளம் ஏறி இராமேஸ்வரத்துக்குப் போனது. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், ஸ்ரான்லி ஒருவனைத் தவிர. தான் தடக்கியதால்தான் அந்த வீடு விழுந்தது என்று அவன் நம்பினான். மீசை நரைத்த பிறகும் நம்பினான். யாரிடமும் அதைச் சொன்னதில்லை. அவன் சொல்லத் தொடங்கினால் முடிப்பது வேறு யாராகவோதான் இருக்கும்.

சுவாம்பிள்ளை மெட்ராஸில் விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் காலமானார். அவருடைய மனைவி சூசையம்மா இரண்டு பிள்ளைகளோடு சிட்னிக்கு வந்து, மெரிலேண்ட்ஸில் ஒரு வீட்டின் பின்னறையில், வாசிப்பு இல்லாமல், சில வருடங்கள் இருந்தார். அனோஜினி றொமேஷைக் கட்டிய பிறகு எல்லோருமாக வென்ட்வேர்த்வில்லுக்கு மாறினார்கள். இரண்டு அறைகளில் ஒன்று தம்பதிக்கு, மற்றது சூசையம்மாவுக்கு. ஸ்ரான்லிக்கு சோபா. வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே வாசிப்பு நடக்க வேண்டும் என்று சூசையம்மா ஒற்றைக் காலில் நின்றார். புத்தகங்கள் எந்தப் பெட்டியின் அடியில் கிடந்தன என்று தெரியவில்லை. கைக்கு எட்டியது வீட்டு வாடகை ஒப்பந்தம் மட்டும்தான். அனோஜினி குசினிக் கதிரையைக் கொண்டுவந்து போட்டு, அதை இங்கிலீஷிலேயே வாசித்தாள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்ற பந்திக்கு வந்தபோது அந்தச் சுவர் பின்னால் போனது. செல்லப்பிராணி வளர்ப்பது பற்றிய பந்திக்குள் வீட்டின் அகலம் இரட்டிப்பாகியிருந்தது.

சூசையம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "அப்ப ஒல்லாந்தன் இல்ல," என்றார். "இவ்வளவு நாளும் அவன் கட்டின மண்டபம் எண்டல்லோ சொல்லிக்கொண்டு திரிஞ்சம். வாசிப்புத்தான் பிள்ளை." அன்றைக்கு அவருக்கு வந்த பெருமை, வளவும் காணியும் கையில் இருந்த காலத்தில் வந்ததைவிடப் பெரிது. கட்டடம் போனால் போகட்டும் என்று முதல் தடவையாக அவர் நிம்மதியாக நித்திரை கொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து சாப்பிட்ட கையோடு வாசிப்பு நடந்தது. முதலில் உறவுக்காரர் வந்தார்கள், பிறகு உறவு இல்லாதவர்கள் வந்தார்கள். மெல்பேணில் நோபல் பார்க்கில் இருந்து விமானம் ஏறி வந்து கேட்டுவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியவர்களும் உண்டு. வளவின் இருக்கை ஒழுங்கு இங்கே முதல் மாதத்திலேயே குலைந்தது. முன்னுக்கு வந்தவர் சோபாவில், பிந்தியவர் கம்பளத்தில், அதுதான் புது ஒழுங்கு. வீட்டு ஏஜென்ட் பரிசோதனைக்கு வந்த நேரம் ஒருமுறை வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்பிள்ளை மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்து, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார். ரயிலில் கார்ட் வேலை செய்யும் அனோஜினி அறிவிப்பு வாசிக்கும் பெட்டிகளில் காலை நெரிசலிலும் ஒருவரும் நின்றுகொண்டு போனதில்லை. அதைப் பற்றி யாரும் முறைப்பாடு செய்ததாகத் தெரியவில்லை. ஒரே ஒரு சங்கடம், வசனத்தின் நடுவில் வாசிப்பு நின்றால் சுவர்கள் பொறுக்காது, விறுக்கென்று திரும்பி வரும். அனோஜினி ஒருநாள் தொடர்ந்து தும்மியபோது விருந்தாளி ஒருவரின் கைப்பை சுவருக்குள் போய்விட்டது. அதன் பிடி மட்டும் இன்றும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டார் அதில் வாசல் கதவின் திறப்புக் கோர்வையைத் தொங்கவிடுகிறார்கள்.

இந்த வாசிப்புகளில் ஸ்ரான்லியின் வேலை கதவு. பந்தி முடியும்வரை பிந்தி வந்தவர்களை வெளியே நிறுத்தி வைத்து, முடிந்ததும் திறந்து விடுவான். அதற்கு வாய் தேவையில்லை, கை போதும். மெரிலேண்ட்ஸில் கண்ணாடி வெட்டும் தொழிற்சாலையில் அவன் செய்த வேலைக்கும் வாய் தேவையில்லை. வாய் தேவைப்பட்ட இடங்களில் எல்லாம் உலகம் அவனுக்கு உதவி செய்தது. அந்த உதவிதான் அவனைக் கொன்றது. கடையில் ஆட்டிறைச்சி வாங்கப் போய் "ஆ..." என்று தொடங்கினால், கல்லாவில் நிற்கும் பிள்ளை "ஆப்பமா அங்கிள்?" என்று அன்பாகக் கேட்கும். அவனும் தலையாட்டி ஆப்பத்தோடு வருவான். கறுப்புக் கார் வேண்டும் என்று போனவன் வெள்ளைக் காரில் வந்து இறங்கினான். முப்பது வயதில் பவளம் என்ற பெண்ணை அவனுக்குப் பிடித்திருந்தது, அவளுக்கும் அவனைப் பிடித்திருந்தது. பரமட்டாவில் ஆற்றங்கரை வாங்கில் இருந்து "எனக்கு உங்களைப் பி... பி..." என்று அவன் தொடங்க, அவன் படும் பாட்டைப் பொறுக்காமல் அவள் "பிடிக்கேல்லையா? பரவாயில்லை, விளங்குது" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். அவன் அந்தச் சொல்லைச் சொல்லி முடித்தபோது அவளுடைய ரயில் வெளிக்கிட்டுவிட்டது. அவனுக்கு உலகத்தில் ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தாய் கண்ணை மூடுமுன் அந்த வாசிப்புக் கதிரையில் ஒருமுறை இருந்து, ஒரு வசனத்தையாவது தன் வாயால் முடிக்க வேண்டும். அதைக் கேட்கும் தைரியம் அவனுக்கு வரவில்லை. தான் வாசித்து இந்த வீடும் விழுந்தால் என்ன செய்வது என்ற பயம் வேறு.

மூன்று வருடங்களுக்கு முந்திய மார்ச் மாதத்தில் சுவாம்பிள்ளையின் நினைவு நாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சூசையம்மா எல்லோருக்கும் சொல்லியிருந்தார். மழை யாருக்கும் சொல்லாமல் வந்தது. மத்தியானம் தொடங்கிய மழை தண்டவாளத்தை மூட, ரயில் வென்ட்வேர்த்வில்லில் நின்றுவிட்டது. இறங்கிய சனம் மேடையில் நின்றது, பிறகு வீதியில் நின்றது, பிறகு வீதியில் நிற்கவும் இடம் இல்லாமல் போனது. வாசிப்பு நடந்துகொண்டிருந்தபோது கட்டடத்தின் கீழ்க் கதவால் ஒரு பெண் தள்ளுவண்டிக் குழந்தையோடு ஏறி வந்து மேலே ஒதுங்கி நிற்பதை ஸ்ரான்லி கண்டான். பந்தி முடிந்ததும் கதவைத் திறந்து உள்ளே விட்டான். அவளுக்குப் பின்னால் இன்னொரு குடும்பம் நின்றது, அதற்குப் பின்னால் படி முழுவதும் சனம் நின்றது. அவன் தாயைப் பார்த்தான். சூசையம்மா தலையை ஆட்டினார். மழைக்கு ஒதுங்கி வந்தவரைத் திருப்பி அனுப்பி அந்த வீட்டுக்குப் பழக்கம் இல்லை. குஜராத்திக்காரர் வந்தார்கள், பஞ்சாபிக்காரர் வந்தார்கள், லெபனான்காரர் வந்தார்கள், சீன மாணவர்கள் வந்தார்கள், மெல்பேணுக்கு விமானம் பிடிக்கப் போன ஒரு கால்பந்துக் குழு முழுவதும் வந்தது. தமிழ் விளங்காதவர்களும் வாசிப்பு என்று கண்டதும் குரலைத் தாழ்த்திக் கம்பளத்தில் இருந்தார்கள். சுவர்கள் போய்க்கொண்டே இருந்தன.

அனோஜினி வாசித்தது அட்டை கழன்ற ஒரு பழைய கதைப் புத்தகம். வீட்டைவிட்டுப் போன கப்பல் தலைவன் ஒருவன் பல கடல்களில் அலைந்து திரும்பி வரும் கதை. சுவாம்பிள்ளைக்கு மிகவும் பிடித்தது. வழக்கமாக ஓர் அதிகாரத்தோடு நிறுத்துவார்கள். ரயில் ஓடாததால் சனம் போகவில்லை, சனம் போகாததால் நிறுத்த முடியவில்லை. கீழே கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் ஏறிப் படியின் அடியைத் தொட்டுவிட்டது என்று யாரோ வந்து சொன்னார்கள். அனோஜினி மூன்று அதிகாரம் வாசித்தாள், நான்காவதையும் தொடங்கினாள். முதல்நாள் இரவு வேலை முடித்து வந்தவள், தொண்டை ஏற்கெனவே கரகரத்தது. புத்தகத்தின் கடைசி அதிகாரத்துக்குள் போனபோது அவளுடைய குரல் மெலிந்தது, பிறகு காற்று மட்டும் வந்தது, பிறகு காற்றும் நின்றது. வசனம் பாதியில் நின்றது.

சுவர்கள் உடனே திரும்பத் தொடங்கின. ஓரத்தில் இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள், முதுகில் சுவர் தட்டியதும் எழும்பினார்கள். அந்தச் சனம் முழுவதும் ஒற்றைக் கதவால் வெளியேறுவது நடக்கிற காரியம் இல்லை, வெளியேறினாலும் கீழே தண்ணீர். றொமேஷ் பாய்ந்து புத்தகத்தை வாங்கினான். அவன் சமூக வானொலியில் கிழமைக்கு ஒருநாள் செய்தி வாசிப்பவன். அவனுடைய குரலுக்கு மெல்பேணிலும் ரசிகர்கள் உண்டு. அழகாகத்தான் வாசித்தான். சுவர்கள் அதைச் சட்டை செய்யவில்லை. மருமகன் வளவில் பிறந்தவன் இல்லை. சூசையம்மாவின் கண்ணில் புரை, எழுத்து மங்கிவிடும். அதோடு அவரும் வளவுக்கு வாழ வந்தவர்தான். தள்ளுவண்டிகளை நடுவுக்கு இழுத்தார்கள். ஒரு பிள்ளை அழத் தொடங்கியது. அந்த வீட்டில் மிச்சம் இருந்த வளவுப் பிள்ளை கதவடியில் நின்றான்.

"மச்சான்," என்றான் றொமேஷ். புத்தகத்தை நீட்டினான்.

ஸ்ரான்லி கதவை விட்டு வந்து கதிரையில் இருந்தான். அனோஜினி நிறுத்திய இடத்தைக் கண்டுபிடித்தான். வசனத்தின் அடுத்த சொல் 'கரை'. அவன் வாயைத் திறந்தான். "க..." வந்தது. அதற்கு மேல் வரவில்லை. "க... க..." கழுத்து நரம்பு புடைத்தது, கண் நிறைந்தது. சுவர்கள் வந்துகொண்டிருந்தன. முன்வரிசையில் எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். பாவம் என்று இரங்கிய வாய்கள் திறந்தன. அவனுடைய வாழ்க்கை முழுவதும் திறந்த அதே அன்பான வாய்கள்.

சூசையம்மா கையை உயர்த்தினார். அந்தக் கை முதலியார் வீட்டுக் கை. தமிழ் தெரியாதவர்களுக்கும் விளங்கியது.

"ஒருத்தரும் எடுத்துக் குடுக்கப்படாது," என்றார். "அண்டைக்கு இவன்ர தேப்பன் குடுத்தது பிழை. நானும் பக்கத்தில இருந்து பாத்துக்கொண்டு இருந்தனான், அதுவும் பிழை. பிள்ளை தடக்கினது பிழையில்ல. அது அவன்ர சொல்லு. இருங்கோ எல்லாரும்."

எழும்பியவர்கள் இருந்தார்கள். முதுகில் சுவர் முட்ட, முழங்காலைக் கட்டிக்கொண்டு, குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். அழுத பிள்ளையும் வாயை மூடியது. ஸ்ரான்லி நிமிர்ந்து பார்த்தான். அத்தனை முகங்களில் ஒரு முகம்கூட அவனுக்காக வாயை அசைக்கவில்லை. அப்படி ஒரு காட்சியை அவன் கண்டதில்லை. நெருங்கி வந்த சுவர்கள் நின்றன. அவை காத்திருந்தன, மற்றவர்களைப் போலவே. பிறகு, "கரை" என்றான் ஸ்ரான்லி. கால்பந்துக் குழுவுக்குப் பின்னால் இருந்த சுவர் பெரிய சத்தத்தோடு பின்னால் போனது.

அதற்குப் பிறகு நடந்ததை வென்ட்வேர்த்வில்லில் நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கேட்டுப் பார்க்கலாம். அனோஜினிக்குச் சொல்லோடு சொல்லாக நகர்ந்த சுவர், ஸ்ரான்லிக்குச் சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நகர்ந்தது. அவன் தடக்கித் தடக்கி நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு புது இடம் திறந்தது. 'பாய்மரம்' என்ற சொல்லுக்கு அவன் மிகவும் கஷ்டப்பட்டான். அது வந்தபோது வெளிச்சம் நிறைந்த நீண்ட விறாந்தை ஒன்று கிடைத்தது. 'திசை' வருமுன் ஒரு குசினி வந்தது, அதில் றொமேஷ் உடனே தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தான், ஆனால் வாசிப்பின் நடுவில் யாருக்கும் கொடுக்கவில்லை. வளவில் இருந்த எல்லாம் வந்து முடிந்து, வளவில் ஒருநாளும் இல்லாத அறைகளும் வரத் தொடங்கின. ஸ்ரான்லி அவற்றைப் புத்தகத்துக்கு மேலால் பார்த்தான். ஒரு வீட்டை விழுத்தக்கூடிய நாக்கு அல்ல தன்னுடையது என்று அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. அவனுக்குப் பெருமையாக இருந்தது. நாற்பது வயது கடந்த ஆணுக்கு அழுவது கூச்சம்தான், ஆனால் அவன் அழுதுகொண்டே வாசித்தான். அழுகையால் ஒரு சொல்லும் கெடவில்லை. திக்கலால் கெட்டதும் ஒன்றுமில்லை. சூசையம்மா சுற்றிவரப் பார்த்து, பக்கத்தில் இருந்த பஞ்சாபிப் பெண்ணின் கையைப் பிடித்து, "மை சன்" என்றார். பிறகு இந்தப் பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னார்.

பின்னேரம் மழை விட்டது. ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்று எல்லோருடைய போனும் சொன்னது. ஒருவரும் எழும்பவில்லை. அதிகாரத்தில் ஒரு வசனம் மிச்சம் இருந்தது. ஸ்ரான்லி அதை வாசித்தான். கப்பல் தலைவன் தன் வீட்டுக் கதவைத் திறந்து, விளக்கைக் கொளுத்தி, தன்னுடைய பழைய கதிரையில் என்பதுவரை வந்தான். ஒரு சொல்தான் பாக்கி. அது என்ன சொல் என்று தமிழ் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். அதை இங்கேயும் எழுதப்போவதில்லை. ஸ்ரான்லி வாயைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான், சனம் அவனோடு காத்திருந்தது. மண்டபத்தின் அந்தக் கோடியில் இன்னும் ஒரு சன்னல் முளைத்தது. பிறகு அவன் வாயை மூடினான். புத்தகத்தையும் மூடினான். எழும்பி, கதவடிக்குப் போய், அதை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வது என்று வளவில் கட்டுப்பாடு எதுவும் இல்லை. எல்லோரும் சூசையம்மாவைப் பார்த்தார்கள். "வாசிப்பு முடியேல்ல," என்றார். "நடக்குது. நீங்கள் போட்டு வாங்கோ." சனம் எழும்பி, போய்விட்டுத் திரும்பி வருபவர்களைப் போலப் "போட்டு வாறம்" என்று சொல்லிக்கொண்டு போனது. தமிழ் தெரியாதவர்கள் அதைக் கேட்டுப் பழகி அப்படியே சொல்லிக்கொண்டு போனார்கள். கதிரைகளை எடுத்து வைக்க அனோஜினி விரைந்தாள், ஆனால் அவசரம் இருக்கவில்லை. சுவர்கள் அசையவில்லை. அடுத்த நாளும் அசையவில்லை.

இன்றுவரை அசையவில்லை. வாடகை ஒப்பந்தம் இரண்டு அறை வீட்டுக்கென்றே ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கப்படுகிறது. அது கையெழுத்தாவதற்கு முன் சூசையம்மாவுக்கு வாசித்துக் காட்டப்படுகிறது. ஏஜென்ட் பெண்பிள்ளை விறாந்தையைப் பார்த்து, கம்பளம் சுத்தமாக இருக்கிறது என்று குறித்துக்கொண்டு போனார். கிழக்கு மூலையில், சன்னல் முளைத்த இடத்தில், ஸ்ரான்லிக்கு ஓர் அறை இருக்கிறது. சோபாவை விற்றுவிட்டார்கள். வென்ட்வேர்த்வில்லில் மண்டபம் எடுக்க வசதியில்லாதவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளையும் செத்தவீட்டுச் சாப்பாட்டையும் அங்கே வைக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. கடையில் ஸ்ரான்லி "ஆ..." என்று தொடங்கினால் கல்லாவில் நிற்கும் பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. பின்னால் வரிசையும் நிற்கிறது. அவனுக்கு ஆட்டிறைச்சி கிடைக்கிறது.

போன மாதம் ஒரு ஞானஸ்நானத்துக்குக் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தபோது அனோஜினி கேட்டாள். "அண்ணா, அந்தச் சொல்லு இன்னும் வரேல்லையோ?"

"வ... வந்திட்டுது," என்றான் ஸ்ரான்லி.

"எப்ப?"

அவள் காத்திருந்தாள். "அந்த மழைக்கு அடுத்த செ... செவ்வாய்க்கிழமையே. கண்ணாடி வெட்டிக்கொண்டு நிக்கேக்க."

"மூண்டு வருசமாச்சு. அப்ப சொல்லுங்கோவன்."

ஸ்ரான்லி விறாந்தையைப் பார்த்தான், சன்னலைப் பார்த்தான், அந்தக் கோடியில் ஞானஸ்நானக் குழந்தைக்குத் தொட்டில் கட்டிக்கொண்டிருந்த சனத்தைப் பார்த்தான். "சொல்லலாம்," என்றான், ஒரு தடக்கலும் இல்லாமல். "வைச்சிருக்கிறன்."

"ஓம்," என்றாள் அனோஜினி. இன்னும் கதிரை வேண்டும் என்று யாரோ கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எடுக்கப் போனார்கள்.